கூடாரம் எங்கே அடிப்பது?

விடுமுறைக்கு எங்கே போவது என்ற கேள்வி எழுந்துவிட்டால், எங்கள் வீட்டுக் கூடம் ஒரு சிறிய சட்டசபையாக மாறிவிடுவது வழக்கம். பிரேரணைகள் வரும், ஆட்சேபங்கள் வரும், சின்னவன் வெளிநடப்புச் செய்வதும் உண்டு. கடைசியில் செலவுக்குப் பணம் கொடுக்கிறவன் என்ற ஹோதாவில் நான் ஒரு தீர்ப்புச் சொல்வேன். அதை யாரும் லட்சியம் செய்வதில்லை.

இந்தப் பொங்கல் விடுமுறையை உத்தேசித்துச் சபை கூடியபோது மட்டும் அந்தப் பழைய கலகலப்பு இல்லை. அதற்குக் காரணம் சென்ற மே மாதத்தில் நாங்கள் அநுபவித்த கூடார வாசம். நேயர்களுக்கு அதை முதலில் சொல்லிவிடுவதுதான் முறை.

சென்னைக்குத் தெற்கே, கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டிய ஓர் இடம். பெயர் வேண்டாம், குற்றம் இடத்தினுடையதைவிட என்னுடையதே அதிகம். நான் அதைக் கைபேசியில் வந்த படங்களைப் பார்த்துத் தேர்ந்தெடுத்தேன். நீலக் கடல், வெள்ளை மணல், அலைக்குப் பத்தடி தூரத்தில் வரிசையாகக் கூடாரங்கள்! படத்தில் வெயில் சுடுவதில்லை. தண்ணீர் உப்புக் கரிப்பதில்லை. நேரில் இரண்டும் நடந்தன. பகல் பதினொரு மணிக்கெல்லாம் கூடாரம் இட்டிலிப் பானையாகிவிட்டது. ஆழ்குழாய்க் கிணற்று நீரில் குளித்த தலைமயிர் கயிறாகத் திரிந்துவிட்டது. இரவில் காற்று எழுந்ததும் மணலில் அடித்த முளைகள் ஒவ்வொன்றாகப் பிடுங்கிக்கொண்டன. நானும் என் மனைவியும் ஆளுக்கு ஒரு கயிற்றைப் பிடித்துக்கொண்டு விடிய விடிய உட்கார்ந்திருந்தோம்.

இவையெல்லாம் பின்னால் சொல்லிச் சிரிக்கக்கூடிய கஷ்டங்கள். மறுநாள் காலையில் நேர்ந்தது அப்படிப்பட்டதல்ல. ஒன்பது வயதான சின்னவன் முழங்கால் ஆழத்தில் விளையாடிக்கொண்டிருந்தான். நான் கரையில் நின்று பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். ஒரு நிமிஷம் திரும்பி அவன் அக்காளோடு பேசினேன். மறுபடி பார்க்கும்போது அவன் தலை நாற்பது கஜத்துக்கு அப்பால் தெரிந்தது. அங்கே அலையே இல்லை. குளம் போல் இருந்தது.

அப்பொழுது விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். மீன்கள் இனம் பெருகுவதற்காக நமது கீழ்க்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் அப்படகுகள் கடலுக்குச் செல்லலாகாது. அதனால் ஒரு பெரியவர் கரையில் உட்கார்ந்து வலையைப் பழுது பார்த்துக்கொண்டிருந்தார். என் மனைவியின் கூக்குரலைக் கேட்டு அவர் எழுந்து ஓடினார். ஆச்சரியம் என்னவென்றால், அவர் பையனை நோக்கி நேரே பாயவில்லை. சிறிது வடக்கே ஓடி இறங்கினார். அவனைப் பற்றிய பிறகும் கரையை நோக்கி நீந்தவில்லை. கரைக்கு இணையாகவே நூறு கஜம் நீந்தி, அலை வெண்மையாக உடைகிற இடத்துக்கு வந்து, அலையோடு அலையாகக் கரையேறினார்.

"வெள்ளையா நுரைக்கிற இடத்தைப் பார்த்து நீங்க பயப்படுறீங்க, ஐயா. கறுத்து அமைதியா இருக்குதே, அதுதான் இழுக்கிற இடம். கரைக்கு வந்த தண்ணியெல்லாம் அந்த வாய்க்கால் வழியாத்தான் திரும்பிப் போவுது. அதை எதிர்த்து நீந்தினா மாட்டையும் கொண்டுபோயிடும்" என்றார். நான் நீட்டிய பணத்தை அவர் வாங்கவில்லை.

ஆகவே, பொங்கல் சபையில் என் மனைவி முதலிலேயே எழுந்து, "கடல் என்ற பேச்சே வேண்டாம்" என்று சொல்லிவிட்டாள். அவளை யார் மறுத்துப் பேச முடியும்?

"அப்படியானால் கொடைக்கானல் ஏரி!" என்றாள் மூத்தவள். நல்ல யோசனைதான். 1863-ஆம் வருஷத்தில் லெவிஞ்ச் என்ற ஆங்கில அதிகாரி ஓடையை மறித்து உண்டாக்கிய அந்த ஏரியின் அழகைச் சொல்லவேண்டியதில்லை. ஆனால் அது ஏறக்குறைய 7,000 அடி உயரத்தில் இருக்கிறது. தை மாத இரவுகளில் அங்கே புல்லின்மேல் உறைபனி படிவதுண்டு. கூடாரத் துணிக்குள் அந்தக் குளிரை எழுபத்து நான்கு வயதான என் தாயார் எப்படித் தாங்குவார்? பிரேரணை வாபஸாயிற்று.

"பழவேற்காடு ஏரி?" என்றேன் நான். சென்னைக்கு வடக்கே சுமார் 60 கிலோமீட்டர். நம் தேசத்து உவர்நீர் ஏரிகளில் சிலிகாவுக்கு அடுத்தபடி பெரியது. டச்சுக்காரர் பதினேழாம் நூற்றாண்டில் கோட்டை கட்டி வாணிகம் செய்த ஊர். அவர்களுடைய கல்லறைகள் இன்னும் இருக்கின்றன. குளிர்காலத்தில் பூநாரைகள் வந்து இறங்கும். ஆனால் பழவேற்காட்டுக்குப் போய்ப் படகு ஏறாமல் குழந்தைகள் திரும்புவார்களா? 2011-ஆம் வருஷம் டிசம்பர் 25-ஆம் தேதி அங்கே அளவுக்கு மேல் ஆள் ஏற்றிய படகு கவிழ்ந்து இருபதுக்கு மேற்பட்டவர்கள் மாண்டார்கள். ஏரி என்றால் சாது, கடல் என்றால் துஷ்டன் என்ற எண்ணம் எவ்வளவு தவறு! மிதவைச் சட்டை அணியாமல் ஏறும் படகில் எந்த நீரும் ஆபத்தான நீர்தான்.

இத்தனை நேரமும் என் தாயார் ஒன்றும் பேசவில்லை. கடைசியில் மெல்ல, "இந்த வருஷம் காணும் பொங்கலுக்கு மறுநாளே தை அமாவாசை. உங்கள் அப்பா இருந்தவரைக்கும் நாங்கள் இரண்டு பேரும் சமுத்திர ஸ்நானம் தவறவிட்டதில்லை. அவர் போன பிறகு முழங்கால் வலியால் நான் போகவேயில்லை. முடியாதென்றால் வேண்டாம்" என்றார்.

சபை மௌனமாயிற்று. என் மனைவி எழுந்து சமையலறைக்குள் போனாள். சிறிது நேரம் கழித்து வெளியே வந்து, "இந்தத் தடவை படத்தைப் பார்த்து முடிவு செய்யக் கூடாது. நீங்கள் நேரில் போய்ப் பார்த்துவிட்டு வந்து சொல்லுங்கள். அத்தைக்கு எது சௌகரியமோ அதுதான் இடம்" என்றாள்.

அந்த ஒரு வாக்கியத்தில் எல்லாம் அடங்கிவிட்டது. அதுவரை நான் வீட்டில் மிகவும் திடமானவனாகிய என்னை மனத்தில் வைத்துக்கொண்டுதான் இடம் தேடி வந்திருக்கிறேன். மிகவும் சக்தி குறைந்தவரை வைத்துத் தேடியிருந்தால், முழங்கால் ஆழத்தில் பையனை விட்டுவிட்டுக் கரையில் நின்று பேசிக்கொண்டிருக்க மாட்டேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை தனியே புறப்பட்டேன். முதலில் அந்தப் பழைய கரைக்குப் போய்ப் பெரியவரைத் தேடினேன். அவர் என்னை மறந்திருந்தார், பையனை மறக்கவில்லை. விஷயத்தைச் சொன்னதும் என்னுடனேயே வண்டியில் ஏறிக்கொண்டார்.

வழியில் மாமல்லபுரத்தில் சற்று நின்றோம். ராஜசிம்ம பல்லவன் எடுப்பித்த கடற்கரைக் கோயில் 1,300 வருஷங்களாக அலையின் எதிரே நிற்கிறது. அதைக் காப்பதற்கு இப்போது கருங்கற்களைக் கொட்டி அரண் செய்திருக்கிறார்கள். கல்லால் கட்டிய கோயிலுக்கே அரண் தேவையென்றால் துணிக் கூடாரம் எம்மாத்திரம்! 2004-ஆம் வருஷம் டிசம்பர் 26-ஆம் தேதி ஆழிப்பேரலை வருமுன் இங்கே கடல் பின்வாங்கி, அதுவரை கண்ணில் படாத பாறைகள் வெளியே தெரிந்தன. "கடல் உள்வாங்கினா வேடிக்கை பார்க்கக் கூடாது, ஐயா. மேட்டைப் பார்த்து ஓடணும்" என்றார் பெரியவர். ஆகையால், தங்குகிற இடத்திலிருந்து உள்நாட்டுக்குத் தடையில்லாத வழி இருக்கிறதா என்று பார்ப்பது என் ஜாபிதாவில் முதல் விஷயமாயிற்று.

அங்கிருந்து தெற்கே சதுரங்கப்பட்டினத்து டச்சுக் கோட்டைக்குப் போகும் திசையில் மூன்று இடங்களைப் பார்த்தோம். முதல் இரண்டும் படத்தில் மிக அழகாக இருக்கக்கூடியவை. மூன்றாவது ஒரு சவுக்குத் தோப்பு. கடல் அங்கிருந்து கண்ணில் படவில்லை. ஓசை மட்டும் கேட்டது. நான் உதட்டைப் பிதுக்கினேன். பெரியவர் என்னைக் கைப்பிடித்து ஒவ்வொன்றாகக் காட்டினார்.

அலை விட்டுச் சென்ற சிப்பியும் பாசியும் ஒரு கோடாகக் கிடந்தன. அது அன்றைய அலையின் எல்லை. அதற்கு மேலே அடம்பங்கொடியும் ராவணன் மீசைப் புல்லும் படர்ந்திருந்தன. சங்கப் புலவர்கள் நெய்தல் நிலத்தில் பாடிய அடும்பு இதுவே. அது நன்றாக வேரூன்றிப் பூத்திருக்கும் இடத்துக்கு, புயலடித்தாலன்றி, கடல் ஏறுவது அபூர்வம். அமாவாசையிலும் பௌர்ணமியிலும் ஓதம் அதிகமாகையால், கொடிக்கும் அப்பால்தான் கூடாரம் போடவேண்டும். தோப்போ அதற்கும் இருநூறு அடி உள்ளே இருந்தது.

பிறகு கிணறு. மணல்மேட்டில் பெய்த மழைநீர், அடியிலுள்ள உப்புநீரின்மேல் எண்ணெய் போல மிதந்து நிற்கிறது. மேலாகத் தோண்டிய கிணற்றில் நல்ல தண்ணீர் கிடைக்கும். பேராசைப்பட்டு ஆழத்தில் குழாய் இறக்கி உறிஞ்சினால் உப்பு மேலே வந்துவிடும். இங்கே திறந்த கிணறு ஒன்று இருந்தது. குடித்துப் பார்த்தேன், இனித்தது. முளைகளுக்குப் பதிலாக மணல் நிரப்பிய சாக்குகளை ஒரு முழ ஆழத்தில் புதைத்துக் கூடாரக் கயிறுகளைக் கட்டியிருந்தார்கள். வாசல்கள் மேற்கே பார்த்திருந்தன; வாடைக் காற்று உள்ளே புகாது. கழிப்பறைக்குப் படி இல்லாத வழி. கூப்பிடு தூரத்தில் மீனவர் குப்பம். கார் நிற்கும் இடம் வரையில் கெட்டியான பாதை. நிலம் நடத்துகிறவருடையது, பஞ்சாயத்துக்கும் போலீசாருக்கும் விஷயம் தெரியும். முன்பணம் கொடுத்துவிட்டுத் திரும்பினேன்.

மாட்டுப் பொங்கலன்று மத்தியானம் குடும்ப சமேதராய்ப் போய் இறங்கினோம். "கடல் எங்கே?" என்றான் சின்னவன். "கேட்கிறதே, போதாதா?" என்றாள் அவன் தாயார். மறுநாள் காணும் பொங்கல். மாமல்லபுரக் கரையில் எள் போட்டால் எள் விழாது. நாங்கள் தோப்பை விட்டு நகரவில்லை. என் மனைவிக்கு அடுப்பு வேலை இல்லை. குப்பத்து அம்மாள் ஒருத்தி சமைத்துக் கொடுத்தாள். கல்யாணமாகிப் பதினைந்து வருஷத்தில், பகல் இரண்டு மணிக்கு அவள் நிம்மதியாகத் தூங்கி அன்றுதான் பார்த்தேன்.

இரவில் விளக்குகளைத் தணித்துவிட்டார்கள். தை முதல் பங்குனி வரை இக்கரையில் பங்குனி ஆமைகள் முட்டையிட வருகின்றன. குஞ்சுகள் வெளிச்சத்தைக் கடலென்று மயங்கிக் கரைப்பக்கம் நடந்து மடிந்துவிடும் என்பதற்காக இந்த ஏற்பாடு. நிலவற்ற வானத்தில் கார்த்திகையையும் திருவாதிரையையும் பாட்டி பேரப் பிள்ளைகளுக்குக் காட்டினார். எந்த நட்சத்திரத்தில் யார் பிறந்தார்கள் என்ற வரலாறு நடுநிசி வரை நடந்தது.

அமாவாசை காலையில் பெரியவர் சொன்னபடி வந்து சேர்ந்தார். கரை நெடுகப் பார்த்து, அலை ஒரே சீராக வெளுத்து உடைகிற ஓரிடத்தைக் காட்டினார். "உள்ளே இறங்க வேணாம், அம்மா. இப்படி ஈர மணல்ல உட்காருங்க. கடலே உங்ககிட்ட வரும்" என்றார். என் தாயார் மூத்தவளின் தோளைப் பிடித்துக்கொண்டு மெல்ல உட்கார்ந்தார். ஓர் அலை வந்து மடியை நனைத்துத் திரும்பியது. அடுத்த அலையிலிருந்து நான் செம்பில் நீர் மொண்டு அவர் தலையில் வார்த்தேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு ஏதோ முணுமுணுத்தார். என் தகப்பனார் பெயர் காதில் விழுந்தது.

திரும்பிப் பார்த்தேன். என் மனைவி அடம்பங்கொடி எல்லையில் சின்னவனின் கையை இறுகப் பிடித்துக்கொண்டு நின்றாள். பையன் கடலைப் பார்க்கவில்லை; தாயின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். சிறிது நேரம் அப்படியே நின்றுவிட்டு, அவள் அவனை அழைத்துக்கொண்டு வந்து பாட்டியின் பக்கத்தில் உட்கார வைத்தாள், தானும் உட்கார்ந்தாள். அலை மூவரையும் சேர்த்து நனைத்துச் சென்றது. கையை மட்டும் அவள் விடவில்லை.

வீடு திரும்பும் வழியில் சின்னவன், "அடுத்த விடுமுறைக்கும் இங்கேதானே?" என்றான்.

"பார்க்கலாம். அதற்குள் நீயும் உன் அப்பாவும் நீந்தக் கற்றுக்கொள்ள வேண்டும்" என்றாள் என் மனைவி.

சென்ற வாரம் முதல், காலை ஆறு மணிக்கு நீச்சல் குளத்தில் ஆஜராகிறோம். பையன் இரண்டு முறை குறுக்கே நீந்திவிட்டான். நான் இன்னும் ஓரத்துக் கம்பியை விடவில்லை.