பத்தில் ஒரு பங்கு

இம்மலருக்கு அட்டை ஓவியம் வரைந்து தருமாறு தமிழ்த்துறைப் பேராசிரியர் கேட்டபோது மகிழ்வுடன் இசைந்தேன். ஓவியத்தைக் கொடுக்கச் சென்ற நாளில் அவர், "படத்தோடு ஒரு கட்டுரையும் தாருங்கள். ஓவியம் பயிலும் மாணவனின் வாழ்க்கை எத்தகையது என்பதை எம் மாணவர்கள் அறியட்டும்" என்றார். தூரிகை பிடித்துப் பழகிய கைக்கு எழுதுகோல் சற்றுப் பாரமானதே. ஆயினும் என் வீட்டு அலமாரியில் முழ நீளத்திற்குச் சற்று மிகுந்த ஒரு கட்டை வண்டி நிற்கிறது. அதன் கதையைச் சொன்னால் அவர் கேட்டதற்கு விடை கிடைத்துவிடும் என்று தோன்றியது. அதுவே இக்கட்டுரை.

எனது ஊர் வடக்கனந்தல். கல்வராயன் மலையின் அடிவாரத்தில், கச்சிராயபாளையத்தை ஒட்டி அமைந்த ஊர். மலையிலிருந்து இறங்கும் கோமுகி ஆற்றை மறித்து, 46 அடி உயரத்திற்கு நீர் தேக்கும் அணை அருகிலேயே உள்ளது. அந்நீர் பாயும் வயல்களில் நெல்லும் கரும்பும் விளைகின்றன. நான் பள்ளியில் படித்த காலத்தில் எங்கள் பகுதி தென்னார்க்காடு மாவட்டத்தில் இருந்தது. 1993இல் விழுப்புரம் மாவட்டமாயிற்று. 2019இல் கள்ளக்குறிச்சி தனி மாவட்டமாயிற்று. மாவட்டத்தின் பெயர் இருமுறை மாறியது. அக்காலத்திற்குள் ஊரைவிட்டு ஓசையின்றி அகன்றவை இரும்புப் பட்டை கட்டிய மரச் சக்கரங்கள்.

என் தந்தையார் வண்டித் தச்சர். கரும்பு வெட்டும் பருவத்தில் ஆலைக்குச் செல்லும் வண்டிகள் எங்கள் பட்டறை வாசலில் வரிசையாக நின்றதை நான் கண்டிருக்கிறேன். சக்கரத்தின் நடுவில் இருப்பது குடம். குடத்தில் அறையப்படுபவை ஆரக்கால்கள். எங்கள் பட்டறைச் சக்கரத்திற்குப் பன்னிரண்டு. ஆரக்கால்களின் மறுமுனையைத் தாங்கும் வளைந்த விளிம்புத் துண்டுகளை வட்டை என்போம்; அவை ஆறு. இவ்வளவையும் ஒருங்கே இறுக்கிப் பிடிப்பது இரும்புப் பட்டை. அச்சிலிருந்து சக்கரம் கழன்றுவிடாமல் காப்பது கடையாணி. பெரும்பாணாற்றுப்படை உப்பு வணிகரின் வண்டியை உறுப்பு உறுப்பாக விவரிப்பதைத் தமிழ்த்துறை மாணவர்கள் படித்திருப்பீர்கள். நானோ அந்நூலின் பெயரை அறியும் முன்பே அந்த உறுப்புகளின் நடுவில் தவழ்ந்து வளர்ந்தவன்.

பட்டறையில் விழும் துண்டுகளைக் கொண்டு சிறு வண்டிகள் செய்வது எனக்குச் சிறுவயது முதலே பொழுதுபோக்கு. தீப்பெட்டி அளவில் தொடங்கிய அவை வயதோடு வளர்ந்தன. தந்தையார் அவற்றைப் "பொம்மை" என்பார். கடிந்து சொன்னதில்லை, ஆனால் கையில் எடுத்துப் பார்த்ததும் இல்லை.

மேல்நிலைப் பள்ளிக்குப் பின், சென்னையில் இன்று அரசு கவின்கலைக் கல்லூரி என வழங்கும் கல்லூரியில் சிற்பம் பயிலச் சேர்ந்தேன். 1850ஆம் ஆண்டில் அலெக்சாண்டர் ஹண்டர் என்னும் மருத்துவர் தொடங்கிய கலைப்பள்ளி அது. 1929இல் அதன் முதல் இந்தியத் தலைவராகப் பொறுப்பேற்ற தேவிபிரசாத் ராய் சௌத்ரி வடித்த உழைப்பாளர் சிலை, 1959 முதல் மெரினாக் கடற்கரையில் நிற்கிறது. பாறையைப் பெயர்க்க முனையும் நால்வரின் முதுகையும் தொடையையும் ஞாயிறுதோறும் பென்சிலால் வரைந்து பார்த்ததுண்டு. முதல்நாள் அச்சிலையின் முன் நின்றபோது, அந்த முதுகுகளை நான் முன்னரே அறிவேன் என்று தோன்றிற்று. வட்டையைச் செதுக்கும்போது என் தந்தையார் குனியும் குனிவு அதுவே.

கல்லூரிப் பாடங்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஓவியக் கல்லூரி என்றால் மனம் போனபடி வண்ணம் தீட்டும் இடம் என்று பலர் எண்ணுகின்றனர். எங்களுக்குத் தொடக்கத்தில் கிடைத்தது பென்சிலும் தாளுமே. குடம், துணி, எலும்பு, இலை என எது முன்னால் வைக்கப்பட்டாலும் அதையே நாள்முழுதும் பார்த்து வரைய வேண்டும். பின்னர்க் களிமண். இரும்புக் கம்பியால் எலும்புக்கூடு போலச் சட்டம் கட்டி, அதன்மேல் மண்ணை அப்பி, தலையுருவம் செய்வோம். மாலையில் ஈரத்துணி சுற்றிவிட்டுப் போக வேண்டும். மறந்தால் காலையில் முகம் வெடித்திருக்கும்.

மண் உருவத்தைச் சுண்ணச் சாந்தில் வார்க்கும் முறை எனக்கு மிகவும் பிடித்தது. மண் உருவத்தின்மேல் முதற்பூச்சுப் பூசும்போது சாந்தில் சிறிது நீலப்பொடி கலப்போம். அதற்கு மேல் வெள்ளைச் சாந்தைத் தடிமனாகப் பூசுவோம். அச்சு இறுகியபின் மண்ணை அகற்றி, அவ்விடத்தில் புதிய சாந்தை ஊற்றி, பிறகு மேலச்சை உளியால் உடைத்தெடுப்போம். வெள்ளை உதிரும்வரை உளி விரைந்து செல்லலாம். நீலம் தெரிந்தவுடன் கை மெதுவாக வேண்டும், அடுத்திருப்பது உருவம். "நீலத்தைக் கண்டால் நின்று யோசி" என்பது எங்கள் வகுப்பில் பழமொழி போலவே வழங்கியது.

இரண்டாம் ஆண்டுக் கோடை விடுமுறையில் ஊருக்கு வந்தேன். பத்தில் ஒரு பங்கு அளவில், ஓர் உறுப்பும் குறையாத வண்டி ஒன்று செய்ய வேண்டும் என்ற ஆசை மனத்தில் நிறைந்திருந்தது. ஐந்தடிச் சக்கரம் ஆறு அங்குலமாக வேண்டும். அதற்கு நன்கு உலர்ந்த, நெருங்கிய இழையுள்ள மரம் தேவை. பட்டறையின் மூலையில், சாக்குப் போர்த்தி, இரண்டு கருவேலங்கட்டைகள் இருந்தன. தந்தையார் வெளியூர் சென்றிருந்தார். ஒரு கட்டையின் முனையில் நான்கு விரற்கடை அகலத்திற்கு ஒரு வில்லையை அறுத்தெடுத்தேன். கட்டையில் பெரும்பகுதி அப்படியே இருக்கிறதே என்று என் மனத்திற்கு நானே ஆறுதலும் சொல்லிக்கொண்டேன்.

அவை ஒரே மரத்தில் எடுத்து, மூன்று ஆண்டுகள் நிழலில் உலர்த்திய இணைக் கட்டைகள். ஒரு வண்டியின் இரு குடங்களுக்கு உரியவை. குடத்திற்கு நீளம் குறைந்தால் அச்சின்மேல் சக்கரம் ஆடும். நான்கு விரற்கடை குறைந்த கட்டை குடமாகாது. இணையை இழந்த மற்றதாலும் பயனில்லை. இவை எல்லாம் எனக்குத் தெரியாதவை அல்ல. தெரிந்தும் அறுத்தேன் என்பதே உண்மை. அந்தக் கட்டையில் நீலப்பூச்சு எதுவும் இல்லை.

பத்து நாள் கழித்து முதியவர் ஒருவர் பட்டறைக்கு வந்தார். அப்போதே ஊரில் ரப்பர் டயர் வண்டிகள் பெருகிவிட்டன. கரும்பு ஏற்றுவதற்கு டிராக்டர்களும் வந்துவிட்டன. பட்டை வண்டிக்கு வேலை கேட்டு ஒருவர் வருவது அரிதாகிவிட்ட காலம். "ஆசாரியாரே, ரெண்டு குடமும் வெடிச்சுப் போச்சு. டயருக்கு மாறச் சொல்லிப் பிள்ளைங்க சொல்றாங்க. எனக்கு மனசில்லை. நீங்க முடிச்சுக் குடுங்க" என்றார். தந்தையார் முகம் மலர்ந்தது. மூலைக்குச் சென்று சாக்கை விலக்கினார். சற்று நேரம் குனிந்தவாறே நின்றார். பிறகு சாக்கை முன்போல் மூடிவிட்டுத் திரும்பி வந்து, "மரம் இல்லீங்க ஐயா. டயருக்கே மாறிக்கங்க" என்றார்.

முதியவர் போனபின் அவர் என்னை ஏதாவது சொல்வார் என்று காத்திருந்தேன். அடித்திருந்தாலும் தாங்கியிருப்பேன். அவர் அன்று ஒன்றும் சொல்லவில்லை, மறுநாளும் சொல்லவில்லை. அதன்பின் எங்கள் பட்டறைக்குச் சக்கர வேலை வரவே இல்லை. கதவும் கட்டிலும்தான் வந்தன.

மூன்றாம் நாள் மாலை நான் வண்டியைத் திண்ணையில் வைத்து முடிவுவேலை செய்துகொண்டிருந்தபோது தந்தையார் அருகில் வந்து அமர்ந்தார். முதன்முறையாக என் பொம்மையைக் கையில் எடுத்தார். குடத்தைத் தட்டிப் பார்த்தார். ஆரக்கால்களை எண்ணினார். வட்டைகளின் சேர்ப்பில் நகத்தை ஓட்டினார். பிறகு சக்கரத்தைக் காதருகே வைத்து ஆட்டினார். உள்ளே மெல்லிய கடகடப்புக் கேட்டது. "மரம் சரி. பட்டைதான் பொய்" என்றார்.

உண்மைதான். நான் தகரத்தை வெட்டி, வட்டமாக வளைத்து, பசையால் ஒட்டியிருந்தேன். கண்ணுக்கு அது பட்டை. சக்கரத்துக்கு அது வெறும் வண்ணப்பூச்சு. மெய்யான பட்டையைச் சக்கரத்தின் சுற்றளவைவிட ஒரு விரற்கடை குறைத்தே கொல்லர் செய்வார். சாணவறட்டியும் விறகும் அடுக்கி அதைச் செஞ்சூடாகக் காய்ச்சும்போது இரும்பு விரியும். ஐந்தடிச் சக்கரத்தின் பட்டை, ஐந்நூறு பாகை வெப்பம் ஏறினால் சுற்றளவில் ஏறத்தாழ ஓர் அங்குலம் நீளும். அந்த நிலையில் சக்கரத்தில் ஏற்றி, உடனே தண்ணீர் ஊற்றுவார்கள். பட்டை சுருங்கும்போது வட்டைகள் நெருங்கும். ஆரக்கால்கள் குடத்திற்குள் இறுகும். ஆணி இல்லாமல், பசை இல்லாமல், பத்தொன்பது மரத்துண்டுகள் ஒரே பொருளாகிவிடும்.

"கொல்லர் மாமாவைக் கூட்டிவா" என்றார் தந்தையார். அன்றிரவே உலை மூட்டினோம். மெல்லிய எஃகுப் பட்டையைச் சுருக்கிப் பற்றவைத்துக் காய்ச்சினோம். குறட்டால் எடுத்துச் சக்கரத்தருகே கொண்டுவருவதற்குள் அது கறுத்துக் குளிர்ந்துவிட்டது. மீண்டும் முயன்றோம், மீண்டும் அப்படியே. பெரிய பட்டைக்கு நேராத இடையூறு சிறியதற்கு ஏன் நேர்கிறது என்று மூவரும் திகைத்தோம்.

காரணத்தை நான் பின்னாளில் நூலகத்தில் கண்டேன். பொருளை எல்லாப் பக்கமும் பத்தில் ஒரு பங்காகச் சுருக்கினால் அதன் மேற்பரப்பு நூற்றில் ஒரு பங்காகிறது. கனமோ ஆயிரத்தில் ஒரு பங்காகிறது. வெப்பத்தைச் சேமித்து வைப்பது கனம். வெளியே இழப்பது மேற்பரப்பு. ஆகவே சிறிய பொருள் விரைந்து குளிர்கிறது. பெரிய விலங்கின் எலும்பு சிறிய விலங்கினுடையதைவிட ஏன் விகிதம் மீறித் தடிக்க வேண்டும் என்று 1638இல் வெளிவந்த தம் நூலில் கலீலியோ விளக்கியதும் இத்தகைய கணக்கைக் கொண்டே. உருவத்தைச் சுருக்கலாம், இயற்கையின் விதி உடன் சுருங்குவதில்லை.

தந்தையார் கலீலியோவைப் படித்தவர் அல்லர். சிறிது நேரம் உலையையே பார்த்திருந்துவிட்டு, "சக்கரத்துக்குப் பட்டையைக் கொண்டுவராதே. பட்டைக்குச் சக்கரத்தைக் கொண்டுபோ" என்றார். கனத்த இரும்புத் தகடு ஒன்றை நன்றாகக் காய்ச்சி, அதன்மேலேயே பட்டையை வைத்தோம். தகட்டின் சூட்டால் பட்டை குளிரவில்லை. சக்கரத்தை மேலிருந்து அதற்குள் இறக்கி, அப்படியே தூக்கித் தண்ணீரில் அமிழ்த்த வேண்டும். முதல்முறை வட்டை கருகியது. இரண்டாம் முறை பட்டை ஏறவில்லை. மூன்றாம் முறை, நீரில் எழுந்த ஆவி அடங்கியதும், தந்தையார் சக்கரத்தை எடுத்துக் காதருகே ஆட்டினார். ஓசை இல்லை. என்னிடம் நீட்டி, "இப்போ இது சக்கரம்" என்றார். நான் அழுதேன். எதற்கென்று அவர் கேட்கவில்லை, அவருக்குத் தெரியும்.

அந்த வண்டியைக் கல்லூரிக்கு எடுத்துச் சென்று என் படைப்புகளுள் ஒன்றாக வைத்தேன். சிற்பம் என்றே ஏற்றுக்கொண்டவரும் உண்டு. கைவினைப் பொருள் என்று ஒதுக்கியவரும் உண்டு. எனக்கு வருத்தமில்லை. சிந்துவெளி ஊர்களில் அகழ்ந்தெடுத்த சுடுமண் வண்டிகளை நினைத்துக்கொண்டேன். நாலாயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்ட பெரிய வண்டிகள் மண்ணோடு மண்ணாகிவிட்டன. குழந்தைக்கெனச் செய்த சிறு வண்டிகளே அவற்றின் வடிவை நமக்குச் சொல்கின்றன. கள்ளக்குறிச்சி மரச்சிற்பத்திற்கு 2021இல் புவிசார் குறியீடு கிடைத்தது என்ற செய்தியைப் படித்தபோது மகிழ்ந்தேன். சாமி சிலை செதுக்கும் உளிக்குக் கிடைத்த அப்பெருமையில், சக்கரம் செதுக்கிய வாய்ச்சிக்கும் ஒரு சிறு பங்கு உண்டு என்று எனக்கு நானே சேர்த்துக்கொண்டேன்.

தந்தையார் மறைந்து ஆண்டுகள் பல ஆயின. நான் அறுத்துக் கெடுத்த கட்டையை அவர் எறியவில்லை. நிமிர்த்தி வைத்து, உளி தீட்டவும் துண்டு வெட்டவும் உரிய அடிக்கட்டையாக இறுதிவரை பயன்படுத்தினார். இன்று அது என் வேலைக்கூடத்தில் உள்ளது. அதன்மேல்தான் களிமண் உருவங்களை வைத்துச் செய்கிறேன். ஒரு முனையில் என் வாளின் தடம் இன்னும் மழுங்காமல் இருக்கிறது. எந்தப் பொருளிலும் உளியை வைக்கும் முன் அந்தத் தடத்தை ஒருமுறை தடவிக்கொள்வது என் வழக்கம்.

மாணவர்களே, நீங்கள் ஏட்டில் படிக்கும் குடமும் ஆரக்காலும் சூட்டும் இன்னும் சில முதியோர் நினைவில் வழங்குகின்றன. விடுமுறையில் ஊருக்குச் செல்லும்போது ஒரு தச்சரிடமோ கொல்லரிடமோ அமர்ந்து கேளுங்கள். கேட்பதற்கு முன் அவர் மூலையில் சாக்குப் போர்த்தி வைத்திருப்பதைத் தொட்டுவிடாதீர்கள். இம்மலரின் அட்டையில் நீங்கள் காணும் சக்கரம் என் தந்தையார் காதருகே ஆட்டிப் பார்த்த அந்தச் சக்கரமே.