மஞ்சள் விளக்கு

கார் ஓட்டும் உங்களில் பலர் இதைக் கண்டிருப்பீர்கள். ஓடிக்கொண்டிருக்கும்போதே என்ஜின் வடிவில் ஒரு மஞ்சள் விளக்கு எரியும். காரும் ஓடும், விளக்கும் எரியும்.

சென்ற வருடம் எங்கள் பழைய ஜப்பான் காரில் அது எரிந்தது. பிள்ளைகளைப் பாடசாலைக்குக் கொண்டு விடுவது என் மனைவிதான். "நடு றோட்டில் நின்றுபோனால் நான் என்ன செய்வேன்?" என்றார். புகைப் பரிசோதனைக்கும் நாள் நெருங்கியிருந்தது. அந்தச் சான்றிதழ் இல்லாமல் வருமான அனுமதிப்பத்திரம் எடுக்க முடியாதே.

முதலில் போன கராஜில், ஸ்டியரிங்கின் கீழுள்ள 16 துளைப் பொருத்தில் ஸ்கேனரை மாட்டினார்கள். என்ஜினின் கொம்பியூட்டர் 'பீ 0171' என்றது. "ஒக்சிஜன் சென்சர் போயிட்டு மௌலவி, மாத்தணும்." கேட்ட தொகையோ, மகளின் வகுப்புக்கென ஒதுக்கி வைத்திருந்த பணம். இன்னொருவர், பெட்டரி வயரைக் கழற்றி மாட்டினால் விளக்கு அணையும் என்றார். அணையும்தான். குறை இருந்தால் திரும்ப எரியும். கொம்பியூட்டர் குறித்து வைத்த விபரம் மட்டும் அழிந்துபோகும்.

சொல்லின் பொருள் விளங்காமல் அடுத்த வரிக்குப் போகாதது ஓதிக்கொடுப்பவனின் பழக்கம். அந்த எண்ணின் பொருளைத் தேடினேன். சென்சர் பழுது என்று அதில் இல்லவே இல்லை! காற்று கூடிவிட்டது, பெற்றோல் குறைந்துவிட்டது என்பதுதான் பொருள். நிறையில் ஒரு பங்கு பெற்றோலுக்குச் சுமார் 14.7 பங்கு காற்று வேண்டும். அந்தக் கணக்குத் தவறியதைச் சென்சர் சரியாகவே சொல்லியிருக்கிறது.

மனைவியின் மாமா முறையான ஒரு வயதான மெக்கானிக்கிடம் போனோம். கொம்பியூட்டர் கூடுதலாக ஊற்றும் பெற்றோலின் அளவை அவர் பார்த்தார். கார் நின்றபடி ஓடும்போது 24 வீதம். 2500 சுற்றுக்கு உயர்த்தியதும் 5 வீதம். "எங்கேயோ காத்து களவா உள்ள போகுது" என்றார். என்ஜின் மெதுவாக ஓடும்போது இழுக்கும் காற்றுக் குறைவு. அதனால் சிறு ஓட்டையும் பெரிதாகத் தெரியுமாம். விரல் நீள இறப்பர் குழாயொன்று அடியில் வெடித்திருந்தது.

போகும்போது மனைவியிடம், "மகள், விளக்கு விட்டு விட்டு மின்னினா மட்டும் ஓட்ட வேணாம், ஓரமா நிப்பாட்டுங்க" என்றார். எரியாத பெற்றோல் சைலன்சர் பக்கம் போய், புகையைச் சுத்தம் செய்யும் கட்டலிட்டிக் கொன்வேட்டரைச் சூடாக்கிக் கெடுத்துவிடுமாம். அது உண்மையிலேயே விலை கூடிய சாமான். பிளாட்டினம் எல்லாம் உள்ளே இருக்கிறது.

எண்ணை அவர் அழிக்கவில்லை. "தானா அணையுதா பாப்பம்" என்றார். மூன்றாம் நாள் காலை, பாடசாலை வாசலிலிருந்து மனைவி தொலைபேசியில் அழைத்தார். விளக்கு இல்லை.