ஏழரை மணிக்கு வாசலில்

எங்கள் வீட்டில் குளியலறை ஒன்றுதான். அதிகாலை மூன்றே முக்கால் மணிக்கு அதன் வாசலில் ஐந்து பேர் துவாயைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றோம். "கியூவில நிக்காம இருக்கத்தானே இவ்வளவு பாடும்?" என்று சாச்சி கேட்டார். எல்லோரும் சிரித்தோம். வாப்பா மட்டும் சிரிக்கவில்லை. நான் எழுதிக் கொடுத்த அட்டவணை அவர் கையில் இருந்தது. அதன்படி தங்கச்சி இந்நேரம் குளித்து முடித்திருக்க வேண்டும்.

வாப்பா கட்டாரில் ஒரு வீட்டில் சாரதியாக இருக்கிறார். இரண்டு வருடத்துக்கு ஒரு முறை நாற்பது நாள் லீவு. இந்த முறை வருவதற்கு இரண்டு மாதத்துக்கு முன்பே போனில் சொல்லிவிட்டார், பிள்ளைகளை ஒரு நாள் பெரிய விளையாட்டுப் பூங்காவுக்குக் கூட்டிப் போக வேண்டும் என்று. அத்துடன் விட்டிருந்தால் அது சாதாரண சுற்றுலாதான். "ஆனா ஒரு இடத்திலயும் கியூவில நிக்கப்படாது. அதுக்கு நீதான் வழி பாக்கணும். கணக்குப் படிக்கிற பிள்ளதானே" என்று என்னிடம் ஒப்படைத்துவிட்டார்.

உயர்தரத்தில் இணைந்த கணிதம் படித்தால் உலகத்திலுள்ள எல்லாக் கணக்கும் தெரியும் என்று பெற்றோர் நினைக்கிறார்கள். டியூஷன் காசு கொடுப்பவர்கள் அப்படி நினைப்பதில் பிழையும் இல்லை. நான் ஒரு பழைய சி.ஆர். புத்தகத்தை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

கியூ ஏன் உண்டாகிறது என்பதை முதலில் எழுதிப் பார்த்தேன். ஓர் ஆடும் கப்பலில் 24 பேர் இருக்கலாம் என்று வைத்துக்கொள்வோம். ஏற்றி, ஆட்டி, இறக்க 6 நிமிடம். அப்படியானால் மணிக்கு 240 பேர். அதில் ஏற மணிக்கு 300 பேர் வந்தால் ஒவ்வொரு மணித்தியாலமும் 60 பேர் மிச்சம். ஒன்பது மணிக்குத் திறந்தால் பன்னிரண்டு மணிக்கு 180 பேர் நிற்பார்கள். அந்நேரம் வருபவர் முக்கால் மணித்தியாலம் வெயிலில் நிற்க வேண்டும். முதல் சுற்றில் ஏறுபவருக்கோ காத்திருப்பே இல்லை. காசு ஒன்றுதான், கப்பல் ஒன்றுதான், எழும்பிய நேரம் மட்டும்தான் வேறு.

இதற்கென்றே ஒரு கணிதப் பிரிவு இருப்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. அதைத் தொடக்கி வைத்தவர் டென்மார்க்கைச் சேர்ந்த ஏர்லாங். கொப்பன்ஹேகன் தொலைபேசிக் கம்பனியில் வேலை செய்தவர். ஒரே நேரத்தில் எத்தனை பேர் அழைப்பார்கள், எத்தனை இணைப்புகள் இருந்தால் யாரும் அதிகம் காத்திருக்கத் தேவையில்லை என்பதுதான் அவருடைய கேள்வி. 1909இல் அவர் எழுதிய கட்டுரையிலிருந்து வளர்ந்த கணக்கு இன்று வைத்தியசாலை, விமான நிலையம், விளையாட்டுப் பூங்கா என்று எல்லா இடத்திலும் பயன்படுகிறது.

பூங்காக்களுக்கும் இது பழைய தலைவலிதான். அமெரிக்காவின் கலிபோர்னியாவில் டிஸ்னிலாண்ட் 1955 ஜூலை 17ஆம் திகதி திறக்கப்பட்டபோது, அழைப்பிதழ் உள்ளவர்களுக்கு மட்டும் என்று வைத்திருந்த நாளில் போலி அழைப்பிதழ்களோடும் ஆட்கள் வந்து குவிந்தார்களாம். 1999இல் அவர்கள் ஒரு சீட்டு முறையைக் கொண்டு வந்தார்கள். சீட்டை எடுத்துக்கொண்டு வேறிடத்தில் சுற்றிவிட்டு, குறித்த நேரத்துக்கு வந்தால் சீக்கிரம் ஏறலாம், இலவசமாக. 2021இல் அதை நிறுத்திவிட்டுக் காசுக்கு விற்கத் தொடங்கினார்கள். காசு உள்ளவர் வரிசையைத் தாண்டிப் போகலாம். காசு இல்லாதவருக்கு விடியற்காலைதான்.

இதையெல்லாம் ஒரு நாள் அடுப்படியில் வைத்து உம்மாவுக்கு விளக்கினேன். உம்மா தேங்காய் திருவிக்கொண்டே கேட்டார். முடிவில், "வாற ஆக்கள் கூட, தாற சாமான் குறைய. இதுக்கு என்னத்துக்கு மகள் படிப்பு?" என்றார்.

என் அட்டவணை இப்படித்தான் உருவானது. பெருநாளுக்கு அடுத்த நாட்கள் வேண்டாம், எங்கள் ஊரே அங்கே நிற்கும். போயா நாள் வேண்டாம், சனி ஞாயிறு வேண்டாம். செவ்வாய்க்கிழமை. பாடசாலைச் சுற்றுலா பஸ்கள் தூர இடங்களிலிருந்து வருவதால் பத்து மணிக்குப் பிறகே வந்து சேரும், அதற்குள் பெரிய விளையாட்டுகளை முடித்துவிட வேண்டும். உள்ளே போனதும் எல்லோரும் வாசலுக்குப் பக்கத்தில் இருப்பதில்தான் ஏறுவார்கள், ஆகவே நாங்கள் நேராகக் கடைசிக்குப் போய் அங்கிருந்து திரும்பி வர வேண்டும். சோற்றுப் பார்சலைப் பதினொன்றே காலுக்கே பிரித்துவிட வேண்டும். சுபஹ் தொழுத உடனே வேன் புறப்பட வேண்டும்.

திறப்பது ஒன்பது மணிக்கு. எட்டரைக்குப் போனால் போதும் என்றுதான் நான் எழுதியிருந்தேன். வாப்பா அதை வெட்டி ஏழரை என்று எழுதினார். "அந்த வீட்டுப் பிள்ளைகள ஒரு தரம் இப்பிடி ஒரு இடத்துக்குக் கூட்டிப் போனன்" என்றார். "அவங்க உள்ளுக்கு. நான் வெளிய, கார்ல. ஆறு மணித்தியாலம். திரும்பி வரக்குள்ள சின்னவன் அழுதுகொண்டு வாறான், ரெண்டு சாமானிலதான் ஏறக் கிடைச்ச எண்டு. என்ட பிள்ளைகள் அப்பிடித் திரும்பி வரப்படாது." அதற்கு மேல் நான் கணக்குப் பேசவில்லை.

மாவனல்லையிலிருந்து ஐந்தே காலுக்குப் புறப்பட்டோம். கேகாலையைத் தாண்டி, புளத்கொஹுபிட்டிய, கரவனெல்ல வழியாக அவிசாவளைக்கு. றப்பர் தோட்டங்களுக்கிடையில் வளைந்து வளைந்து போகும் வீதி. தங்கச்சி இரண்டு முறை வாந்தி எடுத்தாள். அட்டவணையில் அதற்கு இடம் விட்டிருக்கவில்லை. ஆனாலும் ஏழு இருபத்தைந்துக்குப் பூங்கா வாசலில் நின்றோம்.

வாசலில் ஒரு நாய் படுத்திருந்தது. காவலாளி பல் துலக்கிக்கொண்டிருந்தார். வேறு யாருமே இல்லை.

"நாங்கதான் பஸ்ட்!" என்று தம்பி கத்தினான். பிறகு கேட்டான், "இப்ப என்ன செய்ற?" ஒன்றரை மணித்தியாலம் நிற்பதுதான். கியூவைத் தவிர்க்க வந்த நாங்கள், ஒருவரும் இல்லாத கியூவில் நின்றோம். ஏர்லாங் இதற்கு என்ன சொல்லியிருப்பார் என்று தெரியவில்லை. மத்தியானம் ஆளுக்கு முக்கால் மணித்தியாலம் நிற்காமலிருக்கக் காலையில் எட்டுப் பேர் ஒன்றரை மணித்தியாலம் நிற்பது எந்தக் கணக்கில் லாபம்?

வாப்பா மட்டும் டிக்கட் ஜன்னலுக்கு நேரே போய் நின்றுகொண்டார். யாரும் வந்து முந்திவிடக் கூடாதாம். சிறிது நேரத்தில் உம்மா தேநீர்ப் போத்தலை எடுத்துக்கொண்டு போய்ப் பக்கத்தில் நின்றார். நானும் கோப்பைகளோடு போனேன்.

"இப்பிடி விடியக்காலையில போலிமில நிக்கிற எனக்குப் பழக்கம்" என்றார் உம்மா. பகிடியாகத்தான் சொன்னார்.

"எப்ப?" என்றார் வாப்பா.

2022இல் என்று உம்மா சொன்னபோது வாப்பா தலையாட்டினார். கேஸுக்கு வரிசை இருந்தது வாப்பாவுக்கும் தெரியும். உலகத்துக்கே தெரியும். அந்த வருடம் அவருக்கு லீவு கிடைக்கவில்லை. காசு அனுப்பினார். ஆனால் காசு இருந்தாலும் கேஸ் இல்லை. ஒவ்வொரு இரவும் போனில் "கேஸ் கிடைச்சதா?" என்று கேட்பார். "கிடைச்ச, கிடைச்ச. எல்லாம் சரி" என்று உம்மா சொல்வார். நான் பக்கத்தில் இருந்து கேட்டிருக்கிறேன். அந்நேரம் அடுப்படியில் விறகுப் புகை நிறைந்திருக்கும். வீடியோ அழைப்பு என்றால் உம்மா முன் அறைக்கு வந்து விடுவார்.

அன்று அந்த வாசலில், ஆவி பறக்கும் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு, உம்மா எல்லாவற்றையும் சொன்னார். சுபஹ் தொழுதுவிட்டுத் தம்பியின் தள்ளுவண்டியில் வெறும் சிலிண்டரை வைத்துத் தள்ளிக்கொண்டு போனது எனக்கும் தெரியும். தம்பிக்கு அப்போது மூன்று வயது. வண்டி போய்விட்டது என்று அழுவான், நான் அவனைப் பார்த்துக்கொண்டு வீட்டில் இருப்பேன். சிலிண்டர்களைச் சங்கிலியால் ஒன்றோடொன்று பிணைத்திருந்ததையும், சிவப்பு மையால் உம்மா தன் பெயரை எழுதியிருந்ததையும் நான் ஒரு நாள் போய்ப் பார்த்திருக்கிறேன். முதல் நாள் உம்மாவின் இலக்கம் 214. லொறியில் வந்தது 150.

ஆனால் நான்காம் நாள் நடந்தது எனக்குத் தெரியாது. அது நோன்பு மாதம். பதினொரு மணி வெயிலில் உம்மாவுக்குத் தலை சுற்றியிருக்கிறது. சிலிண்டரைப் பிடித்துக்கொண்டே கீழே உட்கார்ந்துவிட்டார். பின்னால் நின்ற ஒரு சிங்கள அக்கா ஓடி வந்து முகத்துக்குத் தண்ணீர் தெளித்து, குடிக்கச் சொல்லிப் போத்தலை நீட்டினார். உம்மா நோன்பு என்றார். அந்த அக்கா தன் குடையை உம்மா கையில் கொடுத்துக் கடை நிழலில் உட்கார வைத்துவிட்டு, இரண்டு சிலிண்டர்களையும் தானே நகர்த்திக்கொண்டு போனார். லுஹர் நேரத்தில் "போயிட்டு வாங்க, நான் இடத்தப் பாக்கிறன்" என்று சிங்களத்தில் சொல்லி வீட்டுக்கு அனுப்பினார். அன்றுதான் கேஸ் கிடைத்தது. குடையைத் திருப்பிக் கொடுக்க உம்மா இரண்டு வாரம் அந்தக் கடைப் பக்கம் போயும் அவரைக் காணவில்லை.

"அந்த நீலக் குடையா?" என்றேன். எங்கள் வீட்டுக் கதவுக்குப் பின்னால் தொங்கும், யாரையும் எடுக்க விடாத குடை. உம்மா தலையாட்டினார்.

வாப்பா நீண்ட நேரம் பேசவில்லை. தேநீர் ஆறிவிட்டது.

"எனக்கு ஏன் செல்லல்ல?"

"செல்லி என்ன செய்ற? நீங்க அங்க இருந்து வந்து நிப்பீங்களா?" உம்மா கோபமாகச் சொல்லவில்லை. கேள்வியாகவும் சொல்லவில்லை. கோப்பைகளை வாங்கிப் பைக்குள் வைத்துக்கொண்டு சாச்சியிடம் போய்விட்டார். வாப்பா டிக்கட் ஜன்னலின் மூடிய பலகையையே பார்த்துக்கொண்டு நின்றார். நான் என்ன செய்வதென்று தெரியாமல் அட்டவணையை மடித்தேன், விரித்தேன், மடித்தேன்.

ஒன்பது மணிக்குக் கதவு திறந்தது. அப்போது எங்களுக்குப் பின்னால் அறுபது, எழுபது பேர் இருப்பார்கள். திட்டம் அப்படியே பலித்தது என்பதை இங்கே பெருமையோடு பதிவு செய்கிறேன். கடைசிக்கு ஓடினோம். ஆடும் கப்பலில் நாங்கள் மட்டும். நீர்ச்சறுக்கில் தங்கச்சி ஒன்பது தரம் வழுக்கினாள். உம்மும்மா கூட ராட்டினத்தில் ஏறி, உச்சியில் கலிமா சொல்லிவிட்டு இறங்கினார். பத்தரைக்குள் எல்லாம் முடிந்தது. பத்தே முக்காலுக்கு ஏழு பஸ்கள் வந்தன. வெள்ளைச் சீருடைப் பிள்ளைகள் வெள்ளம் போல் உள்ளே வந்தார்கள்.

சாப்பிட்டு, மரத்தடியில் பாய் விரித்து லுஹர் தொழுத பிறகு, தம்பி எழும்பி நின்றான். "எனக்குத் திரும்பவும் கப்பல்."

கப்பலின் வரிசை கயிறுகளுக்கிடையில் நான்கு மடிப்பாக வளைந்து வெளியே நீண்டிருந்தது. நான் எண்ணிப் பார்த்து ஐம்பது நிமிடம் என்றேன். "காலையில மூணு தரம் ஏறினாய்தானே" என்று சாச்சி அவனை அதட்டினார். அவன் உதட்டைப் பிதுக்கினான். உம்மா வழக்கம் போலச் செருப்பை மாட்டிக்கொண்டு எழும்பினார். "சரி, நான் போய் நிக்கிறன். கிட்ட வந்ததும் கூப்பிடுறன்."

"நீ இரி" என்றார் வாப்பா.

உம்மா கேட்காதது போல் நடந்தார். வாப்பா ஓடிப் போய் அவர் கையிலிருந்த போனை வாங்கி, திருப்பி அனுப்பிவிட்டு, வரிசையின் கடைசியில் போய் நின்றார். அவருக்கு முன்னால் முழுக்கப் பாடசாலைப் பிள்ளைகள். வெள்ளைச் சீருடைகளுக்கு நடுவே வாப்பாவின் சாம்பல் நிறச் சேர்ட் மட்டும் உயரமாகத் தெரிந்தது. வெயில் நேரே அவர் தலையில் விழுந்தது. தொப்பியைக்கூட மரத்தடியில் விட்டுவிட்டுப் போயிருந்தார்.

உம்மா கொஞ்ச நேரம் பாயில் இருந்தார். சோற்றுப் பார்சல்களின் தாளை எல்லாம் சேர்த்துக் கட்டினார். பிறகு பையைக் கிண்டித் தண்ணீர்ப் போத்தலையும் தொப்பியையும் எடுத்துக்கொண்டு எழும்பினார். நான் சி.ஆர். புத்தகத்தை மூடிவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். கயிற்றுக்கு இந்தப் பக்கம் உம்மா, அந்தப் பக்கம் வாப்பா. வரிசை ஓர் அடி நகர, இவரும் ஓர் அடி நகர்ந்தார். என்ன பேசினார்கள் என்று எனக்குக் கேட்கவில்லை. ஐம்பது நிமிடம் என்று நான் சொன்ன கணக்குப் பிழைத்துவிட்டது. ஒரு மணித்தியாலமும் பத்து நிமிடமும் ஆனது. தம்பி அதற்குள் பாயில் படுத்துத் தூங்கிவிட்டான்.