கழுவும் நேரத்துக்கும் கூலி உண்டு

வேடசந்தூர் வட்டாரம் மானாவாரியும் கிணற்றுப் பாசனமும் கலந்த பூமி. மத்திய புகையிலை ஆராய்ச்சி நிறுவனத்தின் நிலையம் 1948-இல் இங்கே தொடங்கப்பட்டது. புகையிலையோடு முருங்கை, மக்காச்சோளம், நிலக்கடலை என எதை வைத்தாலும் மருந்து அடிக்காமல் வெள்ளாமை வீடு வந்து சேர்வதில்லை. அதனால் முதுகில் மாட்டும் பவர் ஸ்பிரேயர் இந்த ஊர்களில் மண்வெட்டிக்கு அடுத்த கருவியாகிவிட்டது. அதைப் பழுது பார்க்கும் பட்டறைகளைப் பார்த்த பிறகு எனக்கு ஒன்று உறுதியாகத் தோன்றுகிறது. இந்த மெஷின்களை அதிக உழைப்பு கெடுப்பதில்லை. வேலை முடிந்தபின் உள்ளே தங்கிவிடும் பெட்ரோலும் ஆயிலும் மருந்தும்தான் கெடுக்கின்றன. அவற்றை அன்றன்றைக்கே வெளியேற்றுவது தனித் தொழில்திறன். அந்தத் திறனுக்கு நாம் கூலி தருவதில்லை என்பதே பழுதுக்கு வேர்.

பட்டறையில் ஒரு ஸ்பிரேயரைப் பிரிக்கும்போது இது கண்ணெதிரே தெரியும். கார்ப்பரேட்டரின் அடிக்கிண்ணத்தைக் கழற்றினால், பெட்ரோல் ஆவியாகி ஆயில் மட்டும் பிசினாகப் படிந்திருக்கும். மெல்லிய ஜெட் துளையை அதுவே அடைத்திருக்கும். சைலன்சரைக் கழற்றினால் புகைவாயில் கருங்கல்லாகக் கரி. அனுபவமுள்ள மெக்கானிக் உடனே சுரண்டத் தொடங்குவதில்லை. கயிற்றை மெதுவாக இழுத்து பிஸ்டனை மேலே ஏற்றி, புகைவாயை உள்ளிருந்து மூடிக்கொள்கிறார். பிறகுதான் சீவிய மரக்குச்சியால் கரியைப் பெயர்க்கிறார். ஸ்குரூடிரைவர் பட்டால் பிஸ்டனில் கீறல் விழும். ஒரு துண்டுக் கரி உள்ளே விழுந்தால் சிலிண்டரின் உட்சுவரான போரே கெடும். விலை உயர்ந்த கருவி எதுவும் இந்த வேலைக்குத் தேவையில்லை. எதை எதால் தொடக்கூடாது என்ற அறிவுதான் தேவை.

இந்த ஸ்பிரேயர்களில் உள்ள டூ-ஸ்ட்ரோக் எஞ்சினில் தனி ஆயில் சம்ப் கிடையாது. பெட்ரோலில் கலந்த ஆயில்தான் உயவு. 1 லிட்டருக்கு 40 மில்லி என்றால் 25-க்கு 1 விகிதம். குறைந்தால் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும், கூடினால் கரி கட்டும். மிச்சத்தை அன்றே வெளியேற்றும் விதி, பொழுதுபோக்குக்காகப் பறக்கவிடும் நைட்ரோ மாடல் ஹெலிகாப்டரிலும் உண்டு, இன்னும் கண்டிப்பாக. அதன் எரிபொருளில் பெரும்பகுதி மெத்தனால். கூடவே நைட்ரோமீத்தேனும் ஆயிலும். மெத்தனால் காற்றின் ஈரத்தை உறிஞ்சும். நைட்ரோ எரிந்த மிச்சம் அமிலத்தன்மை கொண்டது. இரண்டும் சேர்ந்து பேரிங்கைத் துருப்பிடிக்க வைக்கும். ஆகவே பறக்கவிட்டு முடித்ததும் எரிபொருள் குழாயை மூடி, மிச்சம் தீரும்வரை எஞ்சினை ஓடவிட்டு, சில சொட்டு ஆயில் விட்டுச் சுற்றி வைப்பார்கள். பிறகு உடலில் படிந்த ஆயிலைத் துடைத்து, ஒவ்வொரு போல்ட்டையும் பார்ப்பார்கள். நமது பெட்ரோலிலும் இப்போது 20 சதவீதம் எத்தனால். அதுவும் ஈரம் இழுக்கும், பழைய ரப்பர் பாகங்களை உப்பவைக்கும். நேற்றுவரை நல்ல பழக்கமாக இருந்த டேங்க் வடிப்பு, இன்று கட்டாயமாகிவிட்டது.

பேட்டரி டிரோன் வந்துவிட்டது, இனி எஞ்சின் பேச்சு எதற்கு என்று கேட்கலாம். ஜப்பானில் யமஹா நிறுவனம் மருந்து அடிக்கும் ஆளில்லா ஹெலிகாப்டரான ஆர்-50-ஐ 1987-இல் கொண்டுவந்தபோது அதிலும் டூ-ஸ்ட்ரோக் எஞ்சினே இருந்தது. இன்றைய டிரோனில் கரி இல்லை என்பது உண்மை. ஆனால் பம்பு, ஃபில்டர், நாசில் மூன்றும் அப்படியே இருக்கின்றன. மருந்து காய்ந்தால் அவையும் அடைக்கும். மக்காச்சோளத்துக்கு 2,4-டி களைக்கொல்லி அடித்த டேங்கைச் சரியாகக் கழுவாமல் புகையிலைக்கு மருந்து கலந்தால் இலை சுருண்டுவிடும். அந்த நட்டத்தை எந்த மெக்கானிக்காலும் சரிசெய்ய முடியாது. பழுதானால் பட்டறை இருக்கிறதே என்ற வாதமும் இங்கேதான் உடைகிறது. பட்டறைக்கு வருவது கெட்ட பிறகு. கெடாமல் காப்பது காட்டில் நிற்பவரின் கை.

தண்ணீருக்கு எங்கே போவது என்பது இந்த வறண்ட பூமியில் நியாயமான கேள்வி. ஒரே தடவையில் நிறைய ஊற்றுவதைவிட, கொஞ்சம் கொஞ்சமாக மூன்று தடவை அலசுவதே சுத்தம், தண்ணீரும் மிச்சம். அலசிய தண்ணீரை மருந்து அடித்த அதே நிலத்தில் தெளிக்க வேண்டும். கிணற்றடியிலோ வாய்க்காலிலோ கொட்டவே கூடாது. இதைவிடக் கடினமான கேள்வி நேரம் பற்றியது. பல இடங்களில் மருந்து அடிப்பவருக்கு டேங்க் கணக்கில் கூலி. அடித்த டேங்குக்குக் காசு உண்டு, கழுவிய நேரத்துக்குக் கிடையாது. அடுத்த காட்டுக்கு ஓடினால்தான் வருமானம் என்கிறபோது, எந்தத் தொழிலாளி நின்று ஃபில்டரைக் கழற்றுவார்? அதைச் சோம்பல் என்பது அநியாயம். கணக்கு போட்டவர்கள் அந்த வேலையைக் கணக்கில் விட்டுவிட்டார்கள்.

மத்திய அரசு 2023-இல் ஒப்புதல் அளித்த நமோ டிரோன் தீதி திட்டத்தில், 15,000 மகளிர் குழுக்களுக்கு டிரோன் தருவதோடு, ஓட்டுநர் பயிற்சியும் பழுது பார்ப்பில் நாட்டமுள்ள ஒருவருக்கு உதவியாளர் பயிற்சியும் சேர்க்கப்பட்டன. பராமரிப்பைத் தனி வேலையாக அங்கீகரித்தது சரியான பாதை. முதுகில் ஸ்பிரேயர் சுமப்பவருக்கும் அதே மதிப்பு வேண்டும். நிலம் வைத்திருப்பவர்கள் இந்தப் பருவத்திலேயே இதைத் தொடங்கலாம். கடைசி டேங்குக்குப் பிறகு ஒரு டேங்க் கூலியைக் கழுவுவதற்கென்று சேர்த்துக் கொடுங்கள். போர் மாற்றும் செலவைவிட அது குறைவு. உழைப்பவருக்கு அது நியாயம்.