பெண்கள் பெட்டி

தெஹ்ரான் மெட்ரோவின் முதல் தடம் வடக்கே தஜ்ரீஷில் கிளம்பித் தெற்கே கஹ்ரீஸக் வரை போகிறது. வண்டியின் இரு முனைகளிலும் உள்ள பெட்டிகள் பெண்களுக்கானவை. ஒரு கம்பியைப் பிடித்தபடி ஓரமாக நிற்கிறேன்.

எதிரே இருபது வயது மதிக்கத்தக்க பெண். மூக்கின் மேல் வெள்ளைப் பிளாஸ்திரி. கண்ணுக்கடியில் நீலம் இன்னும் வடியவில்லை. ஆனாலும் முகத்தை மறைக்கவில்லை, நிமிர்ந்தே உட்கார்ந்திருக்கிறாள். மூக்கைத் திருத்திக்கொள்வதை இந்த ஊரில் யாரும் ஒளிப்பதில்லை. ஆண்களும் பிளாஸ்திரி ஒட்டிக்கொண்டு திரிகிறார்கள். முகத்தை மட்டுமே சட்டம் வெளியே விட்டுவைத்தது, அதனால்தான் இத்தனை கவனம் என்பார்கள். பாதிதான் உண்மை. முக்காட்டுச் சட்டமே இல்லாத பெய்ரூட்டிலும் மூக்கு மருத்துவர்களுக்குக் குறைவில்லை.

பக்கத்தில் கறுப்புச் சாதர் போர்த்திய மூதாட்டி. மடியில் கீரைக்கட்டு. கதவோரம் நிற்பவளின் தலையில் ஒன்றுமில்லை. முக்காடு சரியில்லை என்று பிடிக்கப்பட்ட இளம்பெண் மஹ்சா அமினி 2022 செப்டம்பரில் காவலில் இறந்த பிறகு பலருடைய முக்காடு தோளுக்கு இறங்கியது. சிலருடையது வீட்டிலேயே தங்கிவிட்டது. சட்டம் மட்டும் இறங்கவில்லை. மூதாட்டி அவளைப் பார்க்கிறாள், அவளும் பார்க்கிறாள். இருவரும் நகர்ந்து இடம் விட்டுக்கொள்கிறார்கள்.

அடுத்த நிலையத்தில் ஒரு வியாபாரி ஏறுகிறாள். தோளில் கனத்த பை. "லிப்ஸ்டிக், அம்மா, தண்ணீர் பட்டாலும் போகாது!" புறங்கையில் ஒரு கோடு இழுத்து, காகிதக் கைக்குட்டையால் அழுத்தித் துடைத்துக் காட்டுகிறாள். கோடு அப்படியே நிற்கிறது. முதலில் கை நீட்டுவது சாதர்தான்.

"இது ரொம்பச் சிவப்பு, மகளே. மங்கலாக ஒன்று இல்லையா?"

பிளாஸ்திரிக்காரி எட்டிப் பார்த்து, பழுப்பு கலந்த ஒன்றை எடுத்துக் கொடுக்கிறாள். பேரம் படிகிறது. அதற்குள் யாரோ கண் காட்ட, சரக்கு முழுதும் நொடியில் பைக்குள் போகிறது. மெட்ரோவில் விற்பது தடை, பிடித்தால் பறிமுதல். இத்தனை நிறம் விற்பவளின் உதட்டில் ஒரு பொட்டுச் சாயமில்லை.

ஒரு பெட்டியிலேயே இத்தனை விதம். வெளிநாட்டுப் பத்திரிகைகளுக்கோ இரண்டு ஈரானியப் பெண்கள் போதும். 1979க்கு முன் மினி ஸ்கர்ட், பின் பழைய அமெரிக்கத் தூதரகச் சுவரோவியத்தைக் கடந்து போகும் கறுப்புச் சாதர். உள்ளூர்த் திரையின் கூத்து வேறு. தன் வீட்டில், தன் கட்டிலில் தூங்கும்போதும் படத்தில் வரும் பெண் முக்காடு போட்டிருக்க வேண்டும். வீட்டில் அந்நியன் இல்லாவிட்டால் என்ன, அரங்கில் இருக்கிறானே என்பது தணிக்கைக்காரர் கணக்கு. அந்தக் கணக்குக்குள் நின்றே இயக்குநர் கியாரோஸ்தமி 2008இல் 'ஷிரின்' எடுத்தார். நூறுக்கும் மேற்பட்ட நடிகைகள் ஒரு படம் பார்க்கிறார்கள். அந்தப் படம் நமக்குத் தெரிவதில்லை, முகங்கள் மட்டுமே. நான் பார்த்ததில் ஈரானியப் பெண்ணை ஆதாரமாக்காமல் ஆளாகப் பார்த்த படம் அது.

கைபேசியில் உங்களுக்கும் ஈரானியப் பெண் ஒருத்தியின் புகைப்படம் வந்திருக்கும். பருத்த உடல், சேர்ந்த புருவம், மேலுதட்டில் பூனைமீசை. 'பாரசீக இளவரசி, இவளுக்காக 13 பேர் தற்கொலை' என்று கேலியாக ஒரு வரி. 19ஆம் நூற்றாண்டில் அந்த மீசை அழகென்றே எண்ணப்பட்டது, இல்லாதவர்கள் மை தீட்டிக்கொண்டார்கள் என்று வரலாற்றாசிரியர் அஃப்சானே நஜ்மபாதி விரிவாக எழுதியிருக்கிறார். 13 பேர் கதை வெறும் புளுகு. அப்படிச் சுற்றும் படங்கள் பலவற்றில் இருப்பது, புளுகில் பெயர் அடிபடுபவளுக்கு வேறொரு தாய் வழியில் அக்காவான எஸ்மத் அல்தவ்லே. அப்படிப் பெயர் அடிபடும் தாஜ் அல்சல்தனே, பாரசீக மன்னர் நாசர் அல்தீன் ஷாவின் மகள். மணவிலக்குப் பெற்றவள், பெண்கள் சங்கத்தில் சேர்ந்தவள், முக்காட்டைக் கண்டித்துத் தன் வாழ்க்கையைத் தானே எழுதிவைத்தவள். அடுத்த முறை அந்தப் படம் வந்தால் யாருக்கும் அனுப்பாதீர்கள்.