இரண்டாவது கத்தி

ஃபெரெட் பார்வைக்குக் கீரிப்பிள்ளை போலிருக்கும். உறவு என்னவோ நீர்நாயோடு. ஆறேழு வருடம் வாழ்ந்தால் அதற்கு நிறைவான ஆயுள். அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் தனியாக வசிக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் வளர்த்த ஆண் ஃபெரெட்டுக்கு வயது ஆறு. வால் வழுக்கையானபோது பருவத்துக்கு முடி உதிர்கிறது என்றே அவர் நினைத்தார். சிறுநீர் கழிக்க முடியாமல் அது முக்கத் தொடங்கியதும்தான் மருத்துவரிடம் ஓடினார்.

அட்ரினல் சுரப்பியில் கட்டி. அது சுரக்கும் பாலின ஹார்மோனால் புராஸ்டேட் வீங்கி, சிறுநீர்ப் பாதையை நெரித்துக்கொண்டிருந்தது. முழுதும் அடைத்துக்கொண்டால் ஓரிரு நாளில் உயிர் போய்விடும்.

கட்டியை எடுக்க வேண்டுமென்றால் அறுவை சிகிச்சைதான். இடப்பக்கச் சுரப்பி என்றால் மருத்துவர் அவ்வளவு தயங்கியிருக்கமாட்டார். இது வலப்பக்கம். உடலின் கீழ்ப்பாதி ரத்தத்தை இதயத்துக்குக் கொண்டுபோகும் பெருஞ்சிரையை ஒட்டி உட்கார்ந்திருப்பது. கை பிசகினால் மேஜையிலேயே கதை முடிந்துவிடும். ஒரு கிலோ சொச்சம் எடையுள்ள பிராணியிடம் இழப்பதற்கு எவ்வளவு ரத்தம் இருக்கும்?

இன்னொரு வழி, டெஸ்லோரெலின். அரிசி மணி போன்ற ஒரு துண்டைத் தோலுக்கடியில் வைத்துவிட்டால் ஒரு வருடத்துக்கு மேல்கூட வேலை செய்யும். ஃபெரெட்டுகளின் இந்த நோய்க்கு இதை விற்க அமெரிக்க அரசு 2012இல் வழிவிட்டது. முடி முளைக்கும், வீக்கம் வடியும். ஆனால் கட்டி போகாது. வெளியே பிராணி பளபளவென்று திரிய, உள்ளே அது வளர்ந்துகொண்டும் இருக்கலாம்.

கசப்பான விஷயம் ஒன்று உண்டு. அமெரிக்கக் கடைகளுக்கு வரும் ஃபெரெட் குட்டிகளில் பெரும்பாலானவை சில வார வயதிலேயே காயடிக்கப்பட்டவை. பெட்டை என்றால் சினைப்பையை எடுத்துவிடுகிறார்கள். வாடை குறையும், வளர்ப்பது சுலபம். ஆனால் அதன்பின் மூளையடியில் உள்ள பிட்யூட்டரிக்குக் கடிவாளம் இல்லை. அது ஓயாமல் அனுப்பும் தூண்டுதலை அட்ரினல் வாங்கிக்கொண்டு வருடக்கணக்கில் பெருக்கிறது. நோய்க்கு மருத்துவர்கள் சொல்லும் முக்கியக் காரணம் இதுதான். அந்த முதல் கத்திக்கு யாரும் யாரையும் கேட்கவில்லை. இரண்டாவதை நினைத்து ஆசிரியை மூன்று இரவு தூங்கவில்லை.

"கட்டியை உள்ளேயே விட்டுவைப்பதா?" என்று கோபப்பட்டார் தொலைபேசியில் மகள். நியாயமான கோபம். ஆனால் ரத்தச் சர்க்கரையும் குறைந்திருந்தது. இந்த வயது ஃபெரெட்டுகளுக்குக் கணையத்திலும் கட்டி வருவது சகஜம். "உங்களுடையதாக இருந்தால் என்ன செய்வீர்கள்?" என்று மருத்துவரிடமே கேட்டார். "வயது நான்கென்றால் கத்தி எடுப்பேன்" என்றவர் அதற்குமேல் பேசவில்லை.

மருந்துத் துண்டையே வைத்தார்கள். அது அடக்குவதற்கு முன் சில நாள் தூண்டிவிடும் என்று எச்சரித்திருந்தார் மருத்துவர். அந்த நாட்களில் ஆசிரியை மணல் தட்டின் பக்கத்திலேயே பாய் போட்டுப் படுத்தார். இரவில் அது எழுந்து போகும் ஒவ்வொரு முறையும் விளக்கைப் போட்டு, மணல் நனைந்திருக்கிறதா என்று விரலால் தொட்டுப் பார்த்தார்.