மெய்ம்மயக்கம்

இலக்கணங் கற்றோர்க்கு மெய்ம்மயக்கம் என்னுஞ் சொல் புதிதன்று. மெய்யெழுத்துக்கள் ஒன்றோடொன்று கூடி நிற்றலை அது குறிக்கும். முப்பதாண்டிற்கு மேலாக மாணாக்கர்க்கு அதனைப் பாடஞ் சொன்ன எனக்கு, மெய்யாகிய உடம்பே மயங்கும் மயக்கம் ஒன்றுண்டென்பது அறுபத்துமூன்றாம் அகவையிலேதான் தெரியலாயிற்று.

ஒருநாள் விடியலிற் படுக்கையினின்று எழுந்தபோது வீடு முழுவதும் ஒரே திசையிற் சுழன்றது. கண்ணை மூடினும் நிற்கவில்லை. மூன்று நாள் வாந்தியோடு கிடந்தேன். மருத்துவர் முதலில் வினவியது, “மயக்கமா, சுற்றலா?” என்பதே. அறிவு மங்கி விழப்போதல் வேறு. அறிவு தெளிந்திருக்கவே உலகஞ் சுழலுதல் வேறு. நிற்குங்கால் தள்ளாடுதல் பிறிதொன்று. பொருள் வரையறுத்துச் சொற்களை வழங்குதல் மருத்துவத்திற்கும் வேண்டப்படுகிறதே என்று, கிடந்த நிலையிலும் சிறிது மகிழ்ந்தேன் எனின் அன்பர்கள் நகைப்பர். மூளையிற் குருதியடைப்பினாலும் இத்தகைய சுழற்சி நேர்தல் உண்டாதலின், அஃதன்றென்பதை ஆராய்ந்து தெளிந்த பின்னரே, செவியினின்று மூளைக்குச் செல்லும் சமநிலை நரம்பு ஒருபக்கத்தில் அழற்சியுற்றுக் கெட்டதென்றனர்.

உட்செவியில் ஒவ்வொரு பக்கத்தும் மூன்று அரைவட்டக் குழல்கள் உள. தலை திரும்புங்கால் அவற்றினுள்ளிருக்கும் நீர் பின்தங்கி, மயிரிழை போன்ற நுண்ணுறுப்புக்களை வளைக்க, நரம்பு அதனை மூளைக்கு அறிவிக்கும். ஒருபக்கத்து நரம்பு வாய்மூடின், மற்றையதன் சொல்லையே கேட்கும் மூளை, அசையாத தலையையும் சுழல்வதாகக் கொள்ளும். செவியில் வெதுவெதுப்பான நீரும் குளிர்ந்த நீரும் விட்டுக் கண்மணிகளின் அசைவைக் கண்டு இவ்வுறுப்பின் இயல்பை ஆராய்ந்த வியன்னா நகரத்து இராபர்ட் பாரனி என்பார்க்கு 1914ஆம் ஆண்டின் நோபல் பரிசு அளிக்கப்பட்டது. செவியின்கண்ணே உறைந்தும் கேள்வியைச் சாராத இவ்வுணர்வை நாம் ஐம்புலனுள் ஒன்றாக எண்ணுவதில்லை. குறைவறத் தொழில் புரிவதனால் அதற்குப் பெயரிட எவர்க்குந் தோன்றவில்லை போலும்.

சுழற்சி சில நாளில் அடங்கிற்று, தள்ளாட்டம் அடங்கவில்லை. இப்போது கண்ணும் உள்ளங்காலுமே எனக்கு ஊன்றுகோல். ஆதலின் பகலிற் கோயிலுக்குச் செல்வது எளிது. விளக்கு அவிந்த உட்பிராகாரத்திற் சுவரைத் தொட்டே செல்லவேண்டும். கோபுரத்தை அண்ணாந்து நோக்கல் ஆகாது. ஒருநாள் அந்தியில், நெற்றி நிறைந்த நீறும் யானுமாய்த் தெருவில் ஒருபக்கஞ் சாய்ந்து நடந்தபோது, “குடித்திருக்கிறார்” என ஒருவர் மொழிந்தது செவியிற் பட்டது. அந்தச் செவி நன்றாகக் கேட்கின்றது!

என் இல்லாள், “விழுந்தால் இடுப்பு முறியும், வீட்டிலிருந்தே கும்பிடுங்கள்” என்றாள். அன்பினாற் சொன்னதே. ஆயினும் அசையாதிருப்பின் மூளை புதுவழி பழகாதென்பதும், சுழற்சியை அடக்கும் மாத்திரையை நெடுநாள் உண்பதும் அப்பழக்கத்தைத் தடுக்குமென்பதும் மருத்துவர் கூற்று. அவர் விதித்த பயிற்சி எளியது: சுவரில் ஓரெழுத்தை ஒட்டி, அதிலே கண்ணை நிறுத்தித் தலையை இருபுறமுந் திருப்புதல். யான் ழகரத்தை ஒட்டினேன். முதல் வாரம் அது நீரிற் கிடப்பதுபோல் அலைந்தது. நான்கு திங்களில் நின்றது. நரம்பு மீளவில்லை, மூளைதான் கற்றுக்கொண்டது. உறக்கங் குன்றிய நாளில் கற்றதையும் மறந்துவிடுகிறது.

மடத்திற் பயின்ற இளமைதொட்டுக் கொடிமரத்தின் முன் எட்டுறுப்பும் நிலந்தோய வீழ்ந்து வணங்குவது என் வழக்கம். அதனை விட மனம் ஒருப்படவில்லை. இப்போது முதலில் முழந்தாளிட்டு, சற்றே இருந்து, பின்னர்க் கையூன்றிக் கிடக்கின்றேன். எழுங்கால் கொடிமரத்தின் அடியிற் கண்ணை நிறுத்தி ஐம்பது எண்ணுகின்றேன். என் இல்லாளும் அருகில் நின்று எண்ணுகின்றாள். அவளுடைய ஐம்பது என்னுடையதினும் எப்போதும் நீண்டதாகவே இருக்கின்றது.